முதலில் வாட்டம், அப்புறம் சுவர்

மைசூரில் விஜயநகர் நான்காவது ஸ்டேஜ் பக்கமோ, ரிங் ரோட்டைத் தாண்டிப் புதிதாக முளைத்திருக்கும் லேஅவுட் பக்கமோ ஒரு நடை போனால், பாதி கட்டிய வீடுகளிலிருந்து கட்டிங் மெஷின் அலறும் சத்தம் கேட்கும். செங்கல் வைத்து, சில இடங்களில் பூச்சும் முடித்த சுவரைக் கிழித்துக் குழாய்க்குக் காடி எடுக்கும் சத்தம் அது. நமக்குப் பழகிப்போனதால் இதில் விநோதம் எதுவும் தெரிவதில்லை. மேஸ்திரி கூலி கொடுத்துச் சுவரை எழுப்புகிறோம். பிளம்பர் கூலி கொடுத்து அதே சுவரை உடைக்கிறோம். மறுபடி மேஸ்திரியைக் கூப்பிட்டு அடைக்கிறோம். வீட்டுக்கான வரைபடம் நகர அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருக்கும். கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் தனித் தாள் இருக்கும். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, அழுக்கு எந்த வழியாக வெளியே போகிறது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் தாளே இருக்காது. பிளம்பர் வந்து சுவரில் கரித்துண்டால் கோடு போடுவார், அதுதான் வரைபடம். இந்த வரிசை தலைகீழானது. வானம் தோண்டுவதற்கு முன்பே கழிவுக் குழாயின் பாதை முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவைப் பொறுத்துத்தான் வீட்டின் பேஸ்மென்ட் உயரம் முதல் மாடித் தொட்டியின் இடம் வரை அமைய வேண்டும். வெளியூர்ப் புத்தகம் படித்துச் சொல்லும் யோசனை இல்லை இது. மைசூர் நூறு வருடங்களுக்கு முன்பு இப்படித்தான் கட்டப்பட்டது.

தண்ணீரைக் கொண்டுவருவதில் இந்த ஊர் பட்ட பாடு நீண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணய்யா காவிரியிலிருந்து மைசூருக்கு ஒரு கால்வாய் வெட்ட முனைந்தார். எண்ணியபடி ஆற்று நீர் ஊருக்கு வந்து சேரவில்லை. பூர்ணய்யா நாலா என்ற பெயரில் அதன் தடம் மட்டும் மழைநீர் ஓடையாக மிஞ்சியது. அந்த நூற்றாண்டின் கடைசியில், மகாராணி வாணி விலாச சன்னிதானம் மகனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த காலத்தில், அவர் பெயராலேயே அமைந்த வாணி விலாஸ் நீரேற்று நிலையம்தான் ஊருக்குக் குழாய்த் தண்ணீரைப் பழக்கியது. அதே ஆண்டுகளில் பிளேக் வந்தது. நெருக்கியடித்த தெருக்களும், போக வழியில்லாமல் தேங்கிய கழிவும், எலிகளும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை ஊர் பார்த்தது. பம்பாய் தன் பிளேக் அனுபவத்துக்குப் பிறகு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தது. மைசூரில் 1903இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டு வந்தது. சாமராஜபுரம், லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், ஒண்டிகொப்பல் என்று இன்று நாம் ‘பழைய மைசூர்’ என்று ஆசையோடு சொல்லும் பகுதிகள் அந்த விரிவாக்கத்தின் பிள்ளைகள்.

அந்தப் பகுதிகளின் மர நிழலையும் அகலமான சாலைகளையும் எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியது வீடுகளின் முதுகை. இரண்டு வரிசை வீடுகளின் பின்புறங்களுக்கு நடுவே குறுகிய சந்து ஒன்று ஓடும். கன்சர்வன்சி சந்து என்று இன்றும் மாநகராட்சிக் காகிதங்களில் அதற்குப் பெயர். தண்ணீரும் விருந்தாளியும் முன்வாசலில் வர, அழுக்கு பின்வாசலில் போக வேண்டும் என்பது அதன் தர்க்கம். மனையை அளந்து கொடுப்பதற்கு முன்பே கழிவு போகும் தடத்தைத் தாளில் வரைந்துவிட்டார்கள். பின்னாளில் நிலத்தடி சாக்கடை வந்தபோது பல இடங்களில் அதே சந்து குழாய்க்குத் தயாரான பாதையாக அமைந்தது. மைசூர்க்காரர்கள் ‘யூ.ஜி.டி.’ என்று சுருக்கிச் சொல்லும் அந்தச் சாக்கடை முன்சாலையைத் தோண்டாமலே போனது. சமையலறையும் குளியலறையும் வீட்டின் பின்பக்கம் இருந்ததால், உள்ளே குழாயின் நீளமும் குறைந்தது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சந்து முதலில் குழாய்க்காகப் போடப்பட்டது இல்லை. மனிதருக்காகப் போடப்பட்டது. மலக்கூடையைத் தலையில் சுமந்து போகும் மனிதர்கள் முன்தெருவில் யார் கண்ணிலும் படாமல் வந்து போவதற்கான வழி அது. நகரத் திட்டத்தின் நேர்த்திக்குள் சாதியின் கணக்கும் இருந்தது. மலத்தைத் தலையில் சுமக்கும் வழக்கத்தைக் கர்நாடகத்தில் 1970களில், தேவராஜ அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா தடை செய்தார். நாடு முழுமைக்குமான சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. ஆகவே பழைய சந்தைப் பொற்காலமாகக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் கழிவின் பாதையை முதலில் வரை என்ற அதன் ஒழுங்கு, மனிதனை அதிலிருந்து விடுவித்த பிறகுதான் முழு அர்த்தம் பெறுகிறது. வீட்டுக்குள் செங்குத்து மூலைகளில் வளைத்து, சேம்பர் வைக்காமல், வாட்டம் பார்க்காமல் போட்ட குழாய் அடைத்துக்கொள்ளும்போது யாரைக் கூப்பிடுகிறோம் என்று யோசித்தால் இது விளங்கும். சட்டம் வேண்டாம் என்ற வேலையைக் கெட்ட குழாய் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மறுபடி உண்டாக்குகிறது.

பிறகு வந்த லேஅவுட்டுகளில் கதை மாறியது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டிரஸ்ட் போர்டின் இடத்துக்கு ‘முடா’ எனப்படும் மைசூர் நகர வளர்ச்சி ஆணையம் வந்தது. முப்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு அறுபது என்று மனைகள் முதுகோடு முதுகு ஒட்டி அளக்கப்பட்டன. பின்சந்து மறைந்தது. நிலத்தின் விலையைப் பார்த்தால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் விளைவு என்ன என்பதை யாரும் வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் இப்போது ஒரே முன்சாலையில் ஓடுகின்றன. ஆகவே தண்ணீரும் முன்னால்தான் வர வேண்டும், அழுக்கும் முன்னால்தான் போக வேண்டும். கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் சம்ப் தோண்டுகிறோம். கேட்டுக்கு அருகிலேயே சாக்கடைச் சேம்பரும் வருகிறது. பல வீடுகளில் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், ஒருவர் கால் நீட்டிப் படுத்தால் தீர்ந்துவிடும். நகரம் முன்பு நமக்காகச் செய்துகொடுத்த பிரிவினையை இப்போது ஒவ்வொரு வீடும் தன் மனைக்குள் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வரைபடம் முன்னைக் காட்டிலும் இன்று அதிகம் தேவைப்படுவது இதனால்தான்.

சம்ப்புக்கும் சேம்பருக்கும் உள்ள தூரம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். மைசூருக்குத் தண்ணீர் வரும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஹொங்கள்ளி, பெளகொளா, மேளாபுரா நிலையங்களிலிருந்து காவிரியும், தெற்கே கபினியும் ஊருக்கு ஏறி வருகின்றன. ஆனால் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் குறித்த நேரத்துக்கு மட்டுமே ஓடும். மீதி நேரம் குழாய் காலி. 24 மணி நேரமும் தண்ணீர் தரும் திட்டத்துக்காக 2008இல் ஜாம்ஷெட்பூரின் ஜஸ்கோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அது பெரும் சர்ச்சையாகி முடிந்ததை மைசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கே ஹுப்ளி-தார்வாடில் நகரின் ஒரு பகுதிக்கு இடைவிடாத நீரும், மற்றப் பகுதிக்கு விட்டு விட்டு வரும் நீரும் கிடைத்த நிலையை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே மூலத்து நீர்தான். ஆயினும் விட்டு விட்டு வரும் குழாய்களில் மலக் கிருமிகளின் அடையாளம் மிக அதிகமாகத் தென்பட்டது. காரணம் எளிது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்போது ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் மண்ணில் ஊறியிருப்பது உள்ளே வரும். சாலைக் குழாயில் நடப்பது, வீட்டு எல்லைக்குள் மீட்டரிலிருந்து சம்ப் வரை போகும் குழாய்க்கும் பொருந்தும். விரிசல் விட்ட சம்ப்புக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். அது நிறைந்திருக்கும்போது கசியும், காலியானதும் உறிஞ்சும். முப்பது அடி அகல மனையில் சம்ப்பை ஒரு மூலைக்கும் சேம்பரை எதிர் மூலைக்கும் தள்ளினால் நடுவே இருபது அடியாவது கிடைக்கும். குடிநீர்க் குழாயை மேல்மட்டத்திலும் சாக்கடைக் குழாயைக் கீழ்மட்டத்திலும் கொண்டுபோனால் கூடுதல் காப்பு. இதற்கு ஒரு ரூபாய் கூட அதிகம் ஆகாது. எந்த மூலை எதற்கு என்று கடைக்கால் போடுவதற்கு முன் முடிவு செய்திருந்தால் போதும்.

இங்கே வாஸ்து குறுக்கே வரும் என்பார்கள். சம்ப் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும், கழிவுத் தொட்டி வாயு மூலைக்குப் போக வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் மைசூரில் ஏராளம். நம்பிக்கையைப் பற்றி வழக்காடுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் கவனித்தால், இரண்டையும் வெவ்வேறு மூலைக்கு அனுப்பச் சொல்லும் அந்த விதி மேலே சொன்ன தேவையோடு முட்டுவதே இல்லை. சிக்கல் தெற்குப் பார்த்த மனையில் வரும். அங்கே ஈசானியம் மனையின் பின்கோடியில் இருக்கிறது. சாலையில் வரும் சோகையான தண்ணீர் வீட்டின் நீளம் முழுக்க நடந்து அந்தச் சம்ப்பை அடைய வேண்டும். அது வளைவு குறைந்து, சற்றே பெரிய குழாயில், கழிவுக் குழாயின் எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். சாஸ்திரம் பார்க்கிறவர்தான் மற்றவர்களைவிட முன்னதாக வரைபடம் கேட்க வேண்டியவர்.

இனி வாட்டம். தண்ணீரை மோட்டாரால் மேலே ஏற்றலாம், திசை மாற்றலாம், ஏமாற்றலாம். கழிவுநீர் ஒன்றுக்குத்தான் கட்டுப்படும், அது பூமியின் இழுப்பு. நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி முதல் அறுபது அடிக்கு ஓர் அடி வரை இறக்கம் தேவை என்பது நடைமுறைக் கணக்கு. குறைந்தால் திடப்பொருள் தங்கிவிடும். நாற்பது அடி ஆழமுள்ள மனையில் பின்கோடிக் கழிப்பறையிலிருந்து முன்சாலை வரை வருவதற்குள் குழாய் ஓர் அடி இறங்கியிருக்கும். தொடக்கத்திலேயே அது மண்ணுக்குள் ஓர் அடி புதைந்திருக்கும். ஆக, கேட்டருகே சேம்பரின் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் ஆழத்தில் இருக்கும். சாலையில் உள்ள யூ.ஜி.டி. மேன்ஹோலின் மட்டம் அதற்கும் கீழே இருந்தால்தான் கழிவு போகும். மைசூர் சமதளம் இல்லை. காவிரிப் படுகைக்கும் கபினிப் படுகைக்கும் நடுவே உள்ள மேட்டில் அமர்ந்த ஊர் இது. வடக்குப் பக்கத்துக் கழிவு கேசரே சுத்திகரிப்பு நிலையத்துக்கும், தெற்கே சரிவது வித்யாரண்யபுரம், ராயனகெரே நிலையங்களுக்கும் போகின்றன. ஆகவே உங்கள் தெருவின் சாக்கடை எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பது பக்கத்துத் தெருவை வைத்து ஊகிக்கக்கூடியது இல்லை. மேன்ஹோல் மூடியைத் திறந்து அளந்து பார்க்க வேண்டும். அந்த ஒற்றை எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தால், உங்கள் வீட்டின் பேஸ்மென்ட் சாலையிலிருந்து எத்தனை அடி உயர வேண்டும் என்பது தானாகத் தெரியும். வழக்கத்தில் பேஸ்மென்ட் உயரத்தைப் பக்கத்து வீட்டைப் பார்த்து, அதைவிட ஓர் அங்குலமாவது கூட்டித் தீர்மானிக்கிறார்கள். கௌரவத்துக்கு அந்தக் கணக்கு உதவலாம். கழிவுக்கு உதவாது.

கட்டி முடித்த பிறகு இந்தப் பிழையைத் திருத்த வழியே இல்லை என்பதுதான் இதன் கொடுமை. குழாய் மாற்றலாம், டைல்ஸ் மாற்றலாம், வீட்டைத் தூக்கி வைக்க முடியாது. சுவரை உடைப்பதும் வெறும் செலவுக் கணக்கோடு நிற்பதில்லை. சுமை தாங்கும் செங்கல் சுவரில் நிலைக்காடியின் ஆழம் சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது இந்தியக் கட்டட விதி. ஒன்பது அங்குலச் சுவரில் கிடையாக ஒன்றரை அங்குலம்தான். ஒரு முக்கால் அங்குலக் குழாய், அதன் இணைப்பு, மேலே பூச்சு என்று வைத்துப் பார்த்தால் அந்த ஒன்றரை அங்குலத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. நான்கரை அங்குலச் சுவர் சுமை தாங்குவதாக இருந்தால் அதில் காடியே எடுக்கக் கூடாது. தூண் எழுப்பிக் கட்டும் வீட்டில் சுவர் சுமை தாங்குவதில்லையே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே பிளம்பரின் ட்ரில் உத்தரத்தையும் தளத்தையும் துளைக்கிறது. தளம் போட்ட பிறகு கோர் கட்டிங் மெஷின் வைத்து நாலரை அங்குல ஓட்டை போடும்போது உள்ளே இருக்கும் கம்பி அறுபடுகிறதா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. மைசூரில் ‘மோல்ட்’ என்று சொல்லும் தளக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், குழாய் போக வேண்டிய இடங்களில் சற்றே பெரிய பி.வி.சி. துண்டுகளைச் சென்ட்ரிங் பலகையில் நிறுத்திவிட்டால் அந்த ஓட்டை இலவசமாகக் கிடைத்திருக்கும்.

பிளம்பருக்குத் தெரியாதா, இருபது வருட அனுபவம் உள்ளவருக்குத் தாள் எதற்கு என்பது வழக்கமான மறுப்பு. நான் கேட்டவற்றிலேயே கனமான மறுப்பும் இதுதான், ஏனென்றால் அனுபவம் உண்மையானது. நல்ல பிளம்பர் டியூப் லெவலை வைத்துக்கொண்டு அறுபது அடியில் வாட்டம் பிடிப்பதை எந்தப் பொறியாளரும் மறுக்க மாட்டார். குறை அவருடைய கையில் இல்லை, அவரைக் கூப்பிடும் நாளில் இருக்கிறது. தளமும் சுவரும் முடிந்த பிறகு அழைக்கப்படுகிறவர், கிடைத்த சூழ்நிலைக்குள் சமாளிக்கத்தான் முடியும். கூலியும் பாத்ரூமுக்கு இவ்வளவு, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. சேம்பர் ஒன்று கூடுதலாக வைப்பதற்கோ, ஒரு தொண்ணூறு டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு நாற்பத்தைந்து டிகிரி எல்போ போடுவதற்கோ அந்தக் கூலியில் இடமே இல்லை. கடைக்கால் தோண்டும் முன் பிளம்பரையும் மேஸ்திரியையும் பொறியாளரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால், வரைபடத்தில் பாதியை அந்தப் பிளம்பரே சொல்லிவிடுவார். தாள் அவருடைய அறிவுக்கு மாற்றாக வருவதில்லை, அதைச் சரியான நேரத்தில் பதிவு செய்கிறது.

செலவு என்ற மறுப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாய்ப் பாதை வரைந்து தர ஒரு பொறியாளர் வாங்கும் தொகை, ஒரு குளியலறைத் தரையை ஒரு முறை பெயர்த்துப் போடும் செலவுக்கு அருகில் கூட வராது. இருபதுக்கு முப்பது மனைக்காரர்களே இதைப் பெரிய வீட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள். இடம் குறையக் குறையத்தான் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

நடுவில் மனம் மாறினால் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. வீடு கட்டும் ஆறேழு மாதத்தில் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும். மாமியாருக்குக் கீழேயே ஒரு பாத்ரூம் வேண்டும், சமையலறை ஜன்னலோரம் போக வேண்டும். வரைபடம் இருந்தால் எந்த மாற்றம் மலிவு, எந்த மாற்றம் விபரீதம் என்று உடனே தெரியும். கை கழுவும் பேசினை நான்கடி நகர்த்துவது ஒன்றுமில்லை. கழிப்பறைக் கோப்பையை நான்கடி நகர்த்தினால் நான்கு அங்குலக் குழாய் அந்தத் தூரம் முழுக்க வாட்டத்தோடு போக வேண்டும், அதற்காகத் தளத்தைத் தாழ்த்த வேண்டும். மேல்மாடிக் குளியலறையைக் கீழ்மாடிக் குளியலறைக்கு நேர் மேலே வைத்து, சமையலறையை அதே சுவரின் மறுபக்கம் நிறுத்தினால், வீட்டின் ஈரம் முழுக்க ஒரே செங்குத்துப் பாதையில் இறங்கிவிடும். பழைய லட்சுமிபுரத்து வீடுகளில் பின்சுவரில் வெளிப்படையாக ஓடும் குழாய்களைப் பார்த்து அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அழகில்லைதான். ஆனால் ஐம்பது வருடம் கழித்தும் ஒரு ஏணியும் ரெஞ்சும் இருந்தால் பழுது பார்க்கலாம். பளிங்கு டைல்ஸுக்குப் பின்னால் புதைத்த இணைப்பு கசிவதைத் தெரிந்துகொள்ளவே, மறுபக்கப் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். குளியலறைத் தளத்தை ஓர் அடி தாழ்த்தி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி அதற்குள் குழாய்களைப் புதைக்கும் ‘சங்கன்’ முறையிலும் இதே ஆபத்துதான். அந்தக் குழி ஒரு மறைவான தொட்டியாகி, மாதக்கணக்கில் நிரம்பிக் கீழ்வீட்டுக் கூரையில் படம் வரையும். அதை வைத்தே ஆக வேண்டுமென்றால், நீர் புகாத பூச்சுக்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் ஜல்லியைக் கொட்ட விடக் கூடாது. குழியின் அடியிலிருந்து கசிவு வெளியேற ஒரு சிறு குழாயையும் வைத்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காவலைப் பற்றி வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை. பிளம்பர்கள் ‘நானி டிராப்’ என்று சொல்லும் தரைக் கிண்ணத்திலும் கழிப்பறைக் கோப்பையின் வளைவிலும் எப்போதும் இரண்டு அங்குல நீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலம்தான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய வளைவு அது. இன்றுவரை அதைவிட எளிய தீர்வு வரவில்லை. 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியபோது, விசாரணை போய் நின்ற இடங்களில் ஒன்று இந்த வளைவு. தரையைக் கழுவாமல் துடைத்தே வந்ததால் டிராப்புகள் காய்ந்திருந்தன. குளியலறை விசிறி காற்றை வெளியே தள்ள, சாக்கடைக் குழாயின் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. மைசூரில் மகனும் மகளும் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பூட்டியே கிடக்கும் மாடிக் குளியலறைகள் எத்தனை! கழிவுக் குழாய்க்கு மொட்டை மாடிக்கு மேல் திறக்கும் காற்றுக்குழாய் இல்லாவிட்டால், ஒரு கோப்பையில் ஃப்ளஷ் செய்யும் வேகம் இன்னொரு டிராப்பின் நீரை உறிஞ்சிவிடும். காற்றுக்குழாயைச் செலவு என்று வெட்டிவிட்டு, மாதாமாதம் நாற்றத்துக்கு வாசனை உருண்டை வாங்குகிற வீடுகள் எல்லா லேஅவுட்டிலும் உண்டு.

மேலே ஏறிப் போனால் வேறு கணக்கு. பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டை மாடியில் மூன்றடிப் பீடத்தில் வைத்த தொட்டியிலிருந்து, அதன் கீழுள்ள மாடி ஷவருக்குக் கிடைக்கும் உயரம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. அதாவது ஐந்தில் ஒரு பார். கடையில் ஆசைப்பட்டு வாங்கும் ‘மழை ஷவர்’ கேட்பதோ பெரும்பாலும் ஒரு பாருக்கு அருகில். பிறகு பிரஷர் பம்ப், அதன் சத்தம், கரண்ட் போனால் சொட்டுத் தண்ணீர். மைசூர் மொட்டை மாடிகளில் வரிசையாகத் தெரியும் சூரிய வெந்நீர்க் கலன்களும் இந்தக் கணக்கில் சேரும். சாதாரண வகைக் கலனுக்குத் தண்ணீர் தானாக இறங்க வேண்டுமானால் குளிர்நீர்த் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஏழெட்டு அடி உயரத்தில் ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை, அதைத் தாங்கும் தூண் தளம் போடும்போதே முடிவாகியிருக்க வேண்டும். வெந்நீர்க் குழாயின் நீளமும் பணம்தான். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டருக்குச் சற்றே கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். கலனிலிருந்து கீழ்த்தளக் குளியலறை இருபது மீட்டர் சுற்றி வந்தால், ஒவ்வொரு முறையும் ஐந்து லிட்டர் ஆறிய நீர் போன பிறகே சூடு வரும். நான்கு பேர் விட்டு விட்டுக் குளிக்கும் வீட்டில் ஆண்டுக்கு 7000 லிட்டருக்கு மேல் இப்படிக் கைமேல் ஓடிப் போகும். கலனை எந்தப் பக்க மாடியில் வைப்பது என்பதைக் குளியலறை எங்கே என்பதோடு சேர்த்து யோசித்திருந்தால் அதில் பாதி மிஞ்சும்.

மழையும் கூரையிலிருந்து எங்காவது இறங்கத்தான் வேண்டும். மைசூரின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், மே மாத இடி மழையும் அக்டோபர் மழையும் அதில் பெரும்பங்கு. எண்பது சதுர மீட்டர் மாடியில் விழுவது 64,000 லிட்டர். ஆவியாவதும் முதல் மழைக்குக் கழுவி விடுவதும் போக 50,000 லிட்டர் கைக்கு வரும். ஒரு தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும் தண்ணீர் இது. மாடித் தளத்தின் வாட்டத்தைச் சம்ப் இருக்கும் மூலைப் பக்கமாகக் கொடுத்தால் ஒரு குழாயும் ஒரு வடிகட்டியும் போதும். எதிர்ப்பக்கமாகக் கொடுத்துவிட்டால் அந்தக் குழாய் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சாக்கடைச் சேம்பர். தெருவில் நூறு வீட்டு மழை யூ.ஜி.டி.க்குள் இறங்கினால் அடுத்த வளைவில் மேன்ஹோல் மூடி மிதப்பதற்கு மாநகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை. தூய்மையில் நாட்டின் முதல் நகரம் என்று 2016இல் பெயர் வாங்கிய ஊர் இது.

ஆகவே தளம் போடும் காலைக்கு முன் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கம்பி கட்டியாயிற்று, ஜல்லி வந்தாயிற்று, மிக்ஸர் மெஷினும் ஆட்களும் மறுநாள் விடியலில் வருவார்கள். அந்த மாலையில் கையில் வரைபடத்தோடு சென்ட்ரிங் பலகைமேல் ஏறி, நிறுத்திவைத்த பி.வி.சி. துண்டுகளை எண்ணுங்கள். கழிவுக்கு, பேசினுக்கு, மழைநீருக்கு, காற்றுக்குழாய்க்கு, தொட்டியிலிருந்து இறங்கும் லைனுக்கு. தாளில் பதினொன்று, பலகையில் ஒன்பது என்றால் மீதி இரண்டையும் வைக்காமல் கீழே இறங்காதீர்கள். பிறகு சுவருக்குள் குழாய் போட்டு, அழுத்தம் ஏற்றி ஒரு நாள் நிறுத்திப் பார்த்த பின், பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு அளவு நாடாவை ஒட்ட வைத்து ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சுவரில் ஆணி அடிக்க வருகிறவருக்கு, தரையிலிருந்து எத்தனை அடியில் குழாய் போகிறது என்பதை அந்தப் படம் காட்டும்.